எந்த ரோத்தெம்?

பெயெர்ஷெவா மருத்துவமனை, காலை ஏழு பத்து.
ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு காத்திருக்கிறோம்.
"ரோத்தெம்" என்று கூப்பிட்டாள் தாதி.
மூன்று பேர் எழுந்தோம்.
அறுபதைத் தொட்ட பேருந்து ஓட்டுநன் நான்.
மடியில் கிடந்த துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு
சிப்பாய்ப் பெண் ஒருத்தி.
மூன்றாவது ரோத்தெம் தூங்குகிறாள், ஒரு வயதிருக்கும்;
அவளுக்காக எழுந்தவன் அவள் அப்பா.

தாதிதான் முதலில் சிரித்தாள்.

"பட்டியலில் பார்த்து வைத்தார்களாம்,
சின்னப் பெயர், வெளிநாட்டிலும் யாருக்கும் நாக்கு சுளுக்காது"
என்றாள் சிப்பாய்.
"கல்யாணமான புதிதில் பாலைவனம் சுற்றப் போனோம்,
மணல் முழுக்க வெள்ளையாய்ப் பூத்துக் கிடந்தது"
என்றான் குழந்தையின் அப்பா.
என்னை யாரும் கேட்கவில்லை.

என் காலத்தில் இந்தப் பெயருக்கு ஆளில்லை.
பள்ளியில் முதல் நாள் பெண்கள் வரிசையில் நிறுத்தினார்கள்.
பையன்களுக்கு நான் "புதர்".
புதர் ஓடுது பார், புதருக்கு மீசை முளைக்குது பார்.

கடலோர ஊர் என்று சொல்லி ஏற்றிய லாரி
நள்ளிரவில் யெருஹாமில் கொண்டுவந்து இறக்கியது.
ஏழு மாத வயிறு அம்மாவுக்கு.
இறங்க மாட்டேன் என்று பலகையைப் பிடித்துக்கொண்டாளாம்.
ஓட்டுநர் லாரியின் பின்பக்கத்தைச் சாய்த்தார், அவ்வளவுதான்,
பெட்டியும் பாயும் மனிதரும் ஒன்றாய்ச் சரிந்தார்கள்.

விடிந்ததும் கண்ணுக்குக் கிடைத்தவை
கல், தகரம், ஒரு புதர்.
அதன் சல்லடை நிழலில் அம்மா உட்கார்ந்தாள்.
ஆடு ஓட்டிவந்த பெதூயின் ஒருவன்
புதரைக் காட்டி ஏதோ சொன்னான்.
அவன் வாயிலிருந்து விழுந்த சொல்லை
அப்பா சட்டென்று பொறுக்கிக்கொண்டார்:
தஃபிலால்த்தில் எங்கள் வீட்டுப் பின்சுவரோரம்
அதே செடி, ஏறக்குறைய அதே பெயர்.
புதிய நாட்டில் அவருக்கு முகம் தெரிந்த ஒரே ஆள்.

அம்மா கேட்டது மெசோத் என்ற பெயர்.
மார்செய் முகாமில் காய்ச்சலில் போன அவள் தம்பி.
"அழுது தீராத பெயர் வேண்டாம், பெர்லா" என்றார் அப்பா.

பதிவு அலுவலகத்தில் எழுத்தர் அம்மாளுக்கு ஏக மகிழ்ச்சி:
"அடடா, புத்தம்புது எபிரேயப் பெயர்!
பழைய ஊர் வாடையே இல்லை."
அப்பா தலையாட்டிவிட்டு வந்தார்.
அந்த வாடை அவருக்குத் தெரியும்:
ஆட்டுப் புழுக்கை, விறகுப் புகை, மொரோக்கோ.

ரேஷ், தாவ், மெம்.
இதே மூன்றெழுத்தில் ஒரு வினைச்சொல்லும் உண்டு,
குதிரையை வண்டியில் பூட்டுவது.
முப்பத்தோரு வருடமாய் திமோனா சாலையில்
பூட்டப்பட்டவனுக்கு இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ரோத்தெம் வேரின் கரி சீக்கிரம் அவியாது என்பார்கள்.
மேலே கறுத்துக் கிடக்கும்,
காலை வைத்தவனுக்குத்தான் தெரியும் நீறு பூத்த நெருப்பென்று.
உயிர் தப்பி ஓடிவந்த ஒருவன்
இந்தப் புதரடியில் சாய்ந்து
"போதும், எடுத்துக்கொள்" என்று
கடவுளிடம் கேட்டானாம், அந்தக் காலத்தில்.
அந்த முதல் காலையில்
அம்மாவும் அதையே கேட்டாளா?
நான் கேட்டதில்லை. அவள் சொன்னதுமில்லை.

கடைசி வாரம் என் கையைப் பிடித்து
"மெசோத், தண்ணி" என்றாள்.
கொடுத்தேன்.
அடுத்த நாளும் மெசோத் என்றாள், அடுத்த நாளும்.
ஒரு தடவையும் திருத்தவில்லை.

"எந்த ரோத்தெம்? அட, குடும்பப் பெயரையும் பார்க்கிறேனே…
தஹான்."
நான்தான்.
சட்டைக் கையை மடித்துக்கொண்டே நடக்கிறேன்.
சிப்பாய்ப் பெண் மறுபடி உட்கார்ந்து கண்ணை மூடுகிறாள்.
குழந்தை விழித்துக்கொண்டது போலிருக்கிறது,
முதுகுக்குப் பின்னால் அவள் அப்பா
என் பெயரைச் சொல்லிச் சொல்லித் தட்டிக்கொடுக்கிறான்.